நடுங்கும் மண்ணில் 508 மீட்டர்!

2002 மார்ச் 31, ஞாயிற்றுக்கிழமை. பிற்பகல் 3 மணி ஆகச் சில நிமிடங்களே இருந்தன. தைவானின் தலைநகரான தைபேயில், உலகிலேயே மிக உயரமான கட்டடமாகப் போகிற ஒரு கோபுரத்தின் இரும்புச் சட்டகம் 56-வது மாடி வரை ஏறியிருந்தது. தூண்களையும் பீம்களையும் மேலே தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்த ராட்சத கிரேன்கள் அந்த உச்சியில்தான் நின்றன. தீவின் கிழக்குக் கடலுக்கடியில் 6.8 அளவுள்ள நிலநடுக்கம் கிளம்பியது. இரண்டு கிரேன்கள் பிய்த்துக்கொண்டு தெருவை நோக்கி விழுந்தன. 5 பேர் உயிரிழந்தார்கள்.

வேலை நின்றது. சட்டகம் முழுவதும் பரிசோதிக்கப்பட்டது. உச்சியில் நின்ற கிரேன்கள் விழுந்தனவே தவிர, அவற்றைத் தாங்கிய எலும்புக்கூட்டுக்குச் சேதமில்லை என்று தெரிந்தது. வேலை மீண்டும் தொடங்கி, 2003 ஜூலையில் கூரை முடிந்தது. அக்டோபரில் ஊசிமுனை ஏறியது. 2004 டிசம்பர் 31 அன்று ‘தைபே 101’ திறக்கப்பட்டது. உயரம் 508 மீட்டர். அதுவரை முதலிடத்தில் இருந்த கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்களைவிட 56 மீட்டர் அதிகம். அரை கிலோமீட்டரைத் தாண்டிய முதல் கட்டடம் அதுதான். 2010 ஜனவரியில் துபாயின் புர்ஜ் கலீஃபா திறக்கப்படும்வரை அந்தப் பட்டம் தைபேயிடம் இருந்தது.

திறப்பு நாளுக்கு 5 நாள் முன்னால்தான் சுமத்ராவுக்கு அருகே கடலடி பிளந்து, நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் ஆயிரக்கணக்கானவர்களைக் கடல் கொண்டுபோயிருந்தது. பூமி அசைந்தால் என்ன ஆகும் என்று ஆசியா முழுவதும் துக்கத்தோடு பேசிக்கொண்டிருந்த வாரம் அது. அந்த வாரத்தில், பூமி ஓயாமல் அசைகிற ஊரில், மனிதர்கள் அதுவரை எட்டாத உயரத்தில் ஒரு கட்டடம் கதவு திறந்தது. இது துணிச்சலா, அசட்டுத் துணிச்சலா என்ற கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் தேடினால், பலரும் எதிர்பார்க்காத இடத்துக்குப் போய்ச் சேர்கிறோம்.

கோபுரத்துக்கு அடியில் என்ன இருக்கிறது?

தைவான் இரண்டு பெரும் நிலத்தட்டுகள் மோதுகிற இடத்தில் எழும்பிய தீவு. பிலிப்பைன்ஸ் கடல் தட்டு ஆண்டுக்குச் சுமார் 8 சென்டிமீட்டர் வேகத்தில் வடமேற்காக நகர்ந்து, யூரேசியத் தட்டை நெருக்குகிறது. அந்த நெருக்கலில்தான் தீவின் நடுவிலுள்ள மலைகள் உயர்ந்தன; நிலநடுக்கங்களும் அதிலிருந்தே வருகின்றன.

தைபேக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. சுற்றிலும் மலைகள், நடுவே, ஆறுகளும் பழைய ஏரியும் கொண்டுவந்து கொட்டிய வண்டலும் களிமண்ணும் நிரம்பிய படுகை. நகரம் இந்த மண்ணின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. பாறையில் வேகமாக ஓடிவருகிற அதிர்வு, இந்த இளகிய மண்ணுக்குள் நுழைந்ததும் வேகம் குறைந்து வீச்சு பெருகுகிறது. கரைகளில் மோதித் திரும்பி, அடங்கவும் நேரம் எடுத்துக்கொள்கிறது. 1694-ல் ஒரு நிலநடுக்கத்தில் இந்தப் படுகையின் ஒரு பகுதி அமிழ்ந்து ஏரியாகிவிட்டதாகச் சொல்வார்கள். 1697-ல் கந்தகம் தேடி இங்கே வந்த சீனப் பயணி யூ யோங்ஹே, தான் படகில் கடந்த அந்த நீர்ப்பரப்பைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்.

1986 நவம்பரில் கிழக்குக் கரையில் ஹுவாலியன் அருகே நிலம் நடுங்கியது. இடையில் மலைத்தொடர் இருந்தும், தைபேயை ஒட்டிய ஜோங்ஹே பகுதியில் ஒரு சந்தைக் கட்டடம் இடிந்து விழுந்து உயிர்களைப் பறித்தது. தூரம் இந்த நகரத்துக்குப் பாதுகாப்பல்ல என்பதை அன்றே மண் சொல்லிவிட்டது.

அதனால் தைபே 101-ஐக் கட்டியவர்கள் முதலில் கீழே போனார்கள். ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள 380 பைல்கள், தரையிலிருந்து 80 மீட்டர் ஆழம்வரை இறக்கப்பட்டன. இளகிய மண்ணைக் கடந்து பாறைக்குள் புகுந்து அவை வேரூன்றி நிற்கின்றன. கோபுரத்தின் எடை அந்தக் களிமண்ணின் தலையில் ஏறாமல் நேராகப் பாறைக்குப் போகிறது.

ஒன்றுக்கொன்று பகையான இரண்டு எதிரிகள்

தைபேயின் உண்மையான சிக்கல் நிலநடுக்கம் மட்டுமாக இருந்திருந்தால் வேலை எளிதாகியிருக்கும். அந்த ஊருக்குப் புயலும் ஆண்டுதோறும் வருகிறது. மேற்குப் பசிபிக்கில் பிறக்கும் கடும் சூறாவளிகளின் பாதையில் தைவான் கிடக்கிறது. இந்த இரண்டு ஆபத்தும் கட்டடத்திடம் நேர்மாறான குணங்களைக் கேட்கின்றன.

புயல் பல மணி நேரம் தள்ளிக்கொண்டே இருக்கும். அதைச் சமாளிக்கக் கட்டடம் விறைப்பாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மேல்மாடியில் இருப்பவர்களுக்குத் தலைசுற்றும், கண்ணாடிச் சுவர்கள் தெறிக்கும். நிலநடுக்கம் வேறு மாதிரி. அது அடித்தளத்தையே இழுத்து உலுக்குகிறது. விறைப்பான பொருள் அந்த உலுக்கலை அப்படியே வாங்கிக்கொண்டு உடைகிறது. நெளிந்து, வளைந்து, தன்னுடைய சில பகுதிகளை நசுங்கவிட்டு ஆற்றலைக் கரைக்கிற கட்டடம்தான் பிழைக்கிறது. ஒரே சட்டகம் புயலில் விறைத்தும் நிலநடுக்கத்தில் நெகிழ்ந்தும் நிற்க வேண்டும். என்னைக் கேட்டால், தைபே 101-இன் சாதனை 508 என்ற எண்ணில் இல்லை. இந்தப் பகையைத் தீர்த்து வைத்ததில் இருக்கிறது.

கட்டடக் கலைஞர் சி.ஒய். லீ. மூங்கில் கணுக்கணுவாக வளர்வதைப் போன்ற தோற்றம் அவருடைய வடிவமைப்பு. எட்டு சீனர்களுக்கு ராசியான எண் என்பதால் எட்டு மாடிக்கு ஒரு கணுவாக எட்டுக் கணுக்கள். கட்டுமானப் பொறியியலை உள்ளூர் எவர்கிரீன் நிறுவனமும், ஆலோசகராக நியூயார்க்கின் தார்ன்டன் டோமசெட்டி நிறுவனமும் கவனித்தன. கனடாவில் காற்றுச் சுரங்கத்தில் மாதிரியை வைத்துப் பார்த்தபோது, கூர்மையான மூலைகளில் காற்று சுழன்று கோபுரத்தை அலைக்கழிப்பது தெரிந்தது. மூலைகளைப் படிப்படியாக வெட்டி உள்வாங்கினார்கள். அந்த ஒரு மாற்றத்தால் காற்றின் விசை ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது.

உள்ளே, நடுவில் 16 தூண்கள் கொண்ட மையம். வெளிச்சுற்றில் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டாக எட்டு மாபெரும் தூண்கள். அடியில் ஒவ்வொன்றும் 3 மீட்டருக்கு 2.4 மீட்டர், அதாவது நம் ஊரில் ஒரு சின்ன அறையின் அளவு. 80 மில்லிமீட்டர் தடிமன்வரை உள்ள எஃகுத் தகடுகளால் ஆன பெட்டிகள் அவை; 62-வது மாடிவரை அவற்றுக்குள் உயர்வலிமைக் கான்கிரீட் நிரப்பப்பட்டிருக்கிறது. எட்டு மாடிக்கு ஒருமுறை குறுக்கே எஃகுச் சட்டங்கள் ஓடி, மையத்தையும் வெளித்தூண்களையும் கோர்த்துப் பிடிக்கின்றன. காற்றுக்கு வேண்டிய விறைப்பு இதிலிருந்து வருகிறது.

நிலநடுக்கத்துக்கு வேண்டிய நெகிழ்ச்சி வந்த கதைதான் என்னை அதிகம் ஈர்த்தது. 1994 ஜனவரி 17 அன்று லாஸ் ஏஞ்சல்ஸின் நார்த்ரிட்ஜ் பகுதியில் நிலநடுக்கம். எஃகுச் சட்டகக் கட்டடங்கள் எல்லாம் நிமிர்ந்தே நின்றன. பொறியாளர்கள் நிம்மதியடைந்தார்கள். பிறகு கூரை மறைப்புகளைக் கழற்றிப் பார்த்தபோதுதான் அதிர்ச்சி: தூணும் பீமும் சேரும் இடத்தில் வெல்டிங் கண்ணாடி போல் விரிசல் விட்டிருந்தது. வளைந்து கொடுக்கும் என்று நம்பிய எஃகு, இணைப்பில் படாரென்று உடைந்திருந்தது. சரியாக ஓராண்டு கழித்து அதே தேதியில் ஜப்பானின் கோபேயில் நிலநடுக்கம். அங்கும் எஃகு இணைப்புகள் முறிந்திருந்தன.

அதற்குப் பிறகு வந்த தீர்வுகளில் ஒன்று கேட்பதற்கு விசித்திரமானது. பீமைப் பலப்படுத்துவதற்குப் பதில், தூணுக்குச் சற்றுத் தள்ளி அதன் பக்கவாட்டுத் தகடுகளை வளைவாகச் செதுக்கி ஒல்லியாக்கினார்கள். மேலிருந்து பார்த்தால் நாய் கவ்வும் எலும்பின் வடிவம். கடும் நடுக்கம் வரும்போது பீம் அந்த ஒல்லியான இடத்தில் வளையும். முக்கியமான வெல்டிங் இணைப்பு தப்பிக்கும். எங்கே சேதமாகலாம் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து, சேதத்தை அங்கே வரவழைப்பது. தைபே 101-இல் தேவையான இடங்களிலெல்லாம் பீம்கள் இப்படிச் செதுக்கப்பட்டிருக்கின்றன. சராசரியாக 2,500 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடிய நிலநடுக்கத்திலும் சரியாமல் நிற்க வேண்டும் என்பது கணக்கு. சுவருக்குள் மறைந்திருக்கும் அந்தச் செதுக்கலை யாரும் படம் பிடிப்பதில்லை.

தங்க உருண்டையின் வேலை

எல்லோரும் படம் பிடிப்பது உருண்டையைத்தான். பார்வையாளர் லிஃப்ட் 5-வது மாடியிலிருந்து 89-வது மாடிக்கு 37 விநாடியில் ஏறுகிறது. நிமிடத்துக்கு 1,010 மீட்டர். திறந்த காலத்தில் அதுவும் உலகச் சாதனை. மேலே போனவர்கள் முதலில் ஓடுவது ஜன்னலுக்கு அல்ல, அந்த உருண்டைக்கு. 660 டன் எடை, ஐந்தரை மீட்டர் விட்டம், பொன்னிறப் பூச்சு. 12.5 சென்டிமீட்டர் தடிமனுள்ள 41 எஃகு வட்டத்தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலேயே வெல்டிங் செய்து உருவாக்கினார்கள். அவ்வளவு எடையை ஒரே துண்டாகத் தூக்கக்கூடிய கிரேன் அங்கே இல்லை. 92-வது மாடியிலிருந்து எஃகு வடங்களில் தொங்கி 87-வது மாடிவரை இறங்கி நிற்கிறது. மற்ற நாடுகளில் இப்படிப்பட்ட சாதனத்தைக் கூரைக்கடியில் ஒளித்து வைப்பார்கள். இங்கே அதைக் காட்சிப் பொருளாக்கினார்கள். ‘டேம்பர் பேபி’ என்று கண்ணும் வாயும் வைத்துப் பொம்மைகூடச் செய்து விற்கிறார்கள்.

கோபுரம் ஒரு பக்கம் சாயும்போது உருண்டை தாமதித்து எதிர்ப்பக்கம் ஆடுகிறது. அதன் ஆட்டத்தைச் சுற்றியுள்ள எண்ணெய் உருளைகள் வாங்கி வெப்பமாக மாற்றிவிடுகின்றன. கட்டடத்தின் அசைவு சுமார் 40 சதவீதம்வரை குறைகிறது. 2015 ஆகஸ்ட் 8 அன்று சௌடெலோர் புயல் வீசியபோது உருண்டை ஒரு மீட்டர் தூரம் ஆடியது. கட்டடமே ஆடுகிறதே என்று அந்தக் காணொளியைப் பார்த்தவர்கள் பயந்தார்கள். உண்மையில் அது தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்த காட்சி.

இந்த உருண்டைதான் தைபே 101-ஐ நிலநடுக்கத்திலிருந்து காப்பாற்றுகிறது என்று நாளிதழ்களிலும் காணொளிகளிலும் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. அது சரியல்ல. உருண்டை முதன்மையாகக் காற்றுக்காகப் பொருத்தப்பட்டது. மேல்மாடியில் வேலை செய்பவர்களுக்குக் குமட்டல் வராமல் பார்த்துக்கொள்வது அதன் அன்றாடப் பணி. பலத்த நிலநடுக்கத்தில் அது மிகையாக ஆடி எதையும் இடித்துவிடாதபடி, அதையே தடுத்து நிறுத்த ஒரு வளையம் வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் உயிர் காப்பது தூண்களும், சோதிக்கப்பட்ட வெல்டிங்கும், செதுக்கிய பீம்களும்தான். கண்ணுக்குத் தெரிகிற அற்புதத்துக்கு நன்றி சொல்லிவிட்டு, கண்ணுக்குத் தெரியாத உழைப்பை மறப்பது ஆபத்தானது. ஏன் ஆபத்து என்பதற்குப் பிறகு வருகிறேன்.

உயரம் என்பதே ஒரு பாதுகாப்பாகவும் இருக்கிறது. ஊஞ்சலில் சங்கிலி நீளமாக நீளமாக ஆட்டம் நிதானமாவதுபோல, கட்டடம் உயர உயர அதன் இயல்பான அசைவும் மெதுவாகிறது. தைபே 101 ஒருமுறை போய்வரக் கிட்டத்தட்ட 7 விநாடி எடுத்துக்கொள்கிறது. அருகில் வருகிற நிலநடுக்கத்தின் முரட்டு அதிர்வோ விநாடிக்கு ஒன்று, இரண்டு என்ற கணக்கில் வெட்டி வெட்டி வருகிறது. தாளம் சேராததால் கோபுரம் அதில் பெரிதாக அகப்படுவதில்லை. சில மாடிகள் மட்டுமே உள்ள கட்டடங்களுக்குத்தான் அந்தத் தாளம் ஒத்துப்போகிறது.

தொலைதூரப் பெரு நடுக்கங்களில் கதை மாறும். அவற்றிலிருந்து கிளம்பும் மெதுவான அலைகள் நெடுந்தூரம் பயணம் செய்யும். 2008 மே 12 அன்று சீனாவின் சிச்சுவான் குலுங்கியபோது, அத்தனை தூரத்தில் தைபே 101-இன் உருண்டை ஆடியதைப் பார்வையாளர்கள் படம் பிடித்தார்கள். 2011 மார்ச் 11 ஜப்பானியப் பேரதிர்வில், மையத்திலிருந்து 700 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்த ஓசாகாவின் 55 மாடி அரசுக் கட்டடம் சுமார் 10 நிமிடம் ஆடியது. லிஃப்ட்டுகளில் ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள். அடியிலிருந்த மண்ணின் தாளமும் கட்டடத்தின் தாளமும் ஒன்றாகிவிட்டன. உயரமானது எப்போதும் தப்பும் என்று சொல்லிவிட முடியாது.

இன்னொரு சந்தேகத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 7 லட்சம் டன் எடையுள்ள இந்தக் கோபுரமே அடியிலுள்ள பழைய பிளவைத் தூண்டிவிட்டிருக்கலாம் என்று 2005-ல் தைவான் நிலவியலாளர் லின் செங்-ஹோங் எழுதினார். கட்டுமானத்துக்குப் பிறகு கோபுரத்துக்கு நேர் கீழே இரண்டு சிறு நடுக்கங்கள் பதிவானதை அவர் சுட்டிக்காட்டினார். பல கிலோமீட்டர் ஆழத்திலுள்ள பாறையை ஒரு கட்டடத்தின் எடை அந்த அளவுக்கு அழுத்தாது என்று சொல்லி, மற்ற நிலநடுக்க ஆய்வாளர்கள் பலர் இதை ஏற்கவில்லை. எனக்கும் மறுப்பாளர்களின் வாதமே வலுவாகத் தெரிகிறது.

விழுந்தவை எவை?

1999 செப்டம்பர் 21, அதிகாலை 1.47. தைவானின் நடுப்பகுதியில் ஜிஜி என்ற ஊரை மையமாகக் கொண்டு 7.6 அளவில் பூமி உலுக்கியது. 2,400-க்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். தைபே 101-க்கு அந்த ஆண்டு ஜனவரியில்தான் பூமிபூஜை நடந்திருந்தது. மையத்திலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தள்ளியிருந்த தைபேயில், பாதே சாலையிலிருந்த 12 மாடி டோங்சிங் குடியிருப்பு உள்ளுக்குள் நொறுங்கியது. அதில் மட்டும் 80-க்கும் மேற்பட்டோரின் உயிர் போனது. இரண்டு சகோதரர்கள் சுமார் 130 மணி நேரம் இடிபாட்டுக்குள் கிடந்து உயிரோடு மீண்டார்கள்.

2016 பிப்ரவரி 6, சந்திரப் புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன்பு, விடிவதற்குள் தைனான் நகரத்தில் 6.4 அளவில் நடுக்கம். இறந்த 117 பேரில் 115 பேர் வெய்குவான் ஜின்லோங் என்ற ஒரே ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தவர்கள். பக்கத்துக் கட்டடங்கள் நிற்க, அது மட்டும் பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிட்டது. அதைக் கட்டிய தரப்பினர் 5 பேருக்கு நீதிமன்றம் தலா 5 ஆண்டுச் சிறை விதித்தது. இரண்டே ஆண்டில், 2018-ல் அதே பிப்ரவரி 6 அன்று ஹுவாலியனில் 17 பேர். அங்கும் பெரும்பாலானோர் இறந்தது சாய்ந்த ஒரே 12 மாடிக் கட்டடத்தில்தான்.

தைவானில் நிலநடுக்கம் கொல்வது வானளாவிய கோபுரங்களில் அல்ல. பத்து, பன்னிரண்டு மாடிக் குடியிருப்புகளிலும் பழைய கடைவீதிகளிலும்தான். ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்ட குறைகள் இரண்டு. முதலாவது தரைத்தளம். தைவானின் தெருக்களில் மழைக்கு ஒதுங்கி நடக்கும்படி வீட்டின் முன்பகுதியைத் தூண்களின் மேல் விட்டுவிடுவார்கள், உள்ளே கடை. மேல்மாடிகளில் அறைக்கு அறை சுவர். தரைத்தளத்தில் கடைக்காக எல்லாச் சுவரும் போய்விடும். உலுக்கல் வரும்போது மேலே உள்ள எடை முழுவதும் அந்தச் சில தூண்களை முறித்துக்கொண்டு உட்காருகிறது. 2001-ல் புஜ் நிலநடுக்கத்தின்போது, 200 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த அகமதாபாத்தில் தரைத்தளத்தைக் கார் நிறுத்தத் திறந்து விட்டிருந்த அடுக்குமாடிகள் விழுந்ததும் இதே காரணத்தால்தான்.

இரண்டாவது குறை இன்னும் சிறியது. தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகள். வீடு கட்டிய யாரும் அறிவார்கள், கம்பி கட்டுபவர் அந்த ரிங்கின் முனையை மடக்குவார். 90 டிகிரிக்கு மடக்கினால் வேலை சுலபம். கான்கிரீட்டின் மேல்தோல் பெயர்ந்ததும் அந்த முனை விரிந்துவிடும், நெடுங்கம்பி பிதுங்கும், தூண் போகும். 135 டிகிரிக்கு மடக்கி உள்ளே திருப்பினால் அது கடைசிவரை பிடித்துக்கொள்ளும். நம் நாட்டு நிலநடுக்க விதியும் 135-ஐத்தான் கேட்கிறது. ஜிஜியில் சிதைந்த தூண்களில் விரிந்து கிடந்தவை 90 டிகிரி முனைகள். ரிங்குகளும் இடைவெளி விட்டு, எண்ணிக்கை குறைத்துக் கட்டப்பட்டிருந்தன. கூடுதலாக 45 டிகிரி மடக்க ஆகும் செலவு சொற்பம். ஒவ்வொரு ரிங்காக நின்று பார்க்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

தைபே 101-க்குக் கிடைத்தது அந்த ஆள்தான். உலகமே பார்த்துக்கொண்டிருந்ததால் ஒவ்வொரு இணைப்பையும் பார்க்கக் கண்கள் இருந்தன. பாதே சாலையின் 12 மாடிக்கு அந்தக் கண்கள் இல்லை. இரண்டும் ஒரே நகரத்தில் இருந்தவை. இந்த வேற்றுமை என்னைக் கோபப்படுத்துகிறது. அறிவு இல்லாமல் நடந்திருந்தால் வருத்தம் மட்டுமே வந்திருக்கும்.

தைவான் சும்மா இருந்துவிடவில்லை. ஜிஜி நடுக்கத்தில் நூற்றுக்கணக்கான பள்ளிகள் சிதைந்தன. நள்ளிரவாக இருந்ததால் பிள்ளைகள் தப்பினார்கள். அதன் பிறகு கட்டட விதிகள் இறுக்கப்பட்டன. தேசிய நிலநடுக்கப் பொறியியல் ஆய்வு மையத்தின் வழிகாட்டலில் பள்ளிக் கட்டடங்கள் ஆயிரக்கணக்கில் சோதிக்கப்பட்டுப் பலப்படுத்தப்பட்டன. 2024 ஏப்ரல் 3, புதன்கிழமை காலை 7.58-க்கு ஹுவாலியனை 7.2 அளவில் கால் நூற்றாண்டின் மிகப் பெரிய நடுக்கம் தாக்கியது. பிள்ளைகள் பள்ளிக்கு வந்துகொண்டிருந்த நேரம். தீவையே உலுக்கிய அந்த நடுக்கத்தில் ஹுவாலியனில் சாய்ந்து நின்ற பழைய கட்டடத்தின் படம் உலகமெங்கும் போனது. ஆனால் உயிரிழப்பு 1999-ஐ நினைத்தால் மிக மிகக் குறைவு. இறந்தவர்களில் பலர் மலைச்சரிவில் உருண்ட பாறைகளில் சிக்கியவர்கள். தைபே 101 ஆடி, நின்று, வழக்கம்போல் இயங்கியது.

மீதியிருப்பது தனியார் குடியிருப்புகள். பழைய, ஆபத்தான கட்டடங்களை இடித்துக் கட்டுவதை விரைவுபடுத்த 2017-ல் சட்டம் வந்தது. முழுதாக இடிக்க முடியாதவர்களுக்காக, 2018-க்குப் பின் அரசு மானியத்தோடு இன்னொரு வழி திறந்தது: கட்டடம் முழுவதையும் தொடாமல், பலவீனமான தரைத்தளத்தை மட்டும் முதலில் பலப்படுத்துவது. தூண்களைத் தடிப்பாக்கி, பக்கத்தில் சிறகுச் சுவர் எழுப்பி, எஃகுச் சட்டம் பொருத்தினால், முதல் உலுக்கலில் கட்டடம் உட்கார்ந்துவிடாது. தொழில்நுட்பத்தில் இதில் ஒரு புதிரும் இல்லை. தடை வேறிடத்தில். உரிமையாளர்கள் பலர் கூடி ஒப்புக்கொள்ள வேண்டும். இடம் இழப்பவர் தரைத்தளக் கடைக்காரர், காப்பாற்றப்படுபவர்கள் மேல்மாடிக்காரர்கள். தூண் தடித்தால் கடையின் முகப்பு குறுகும், வேலை நடக்கும்வரை வியாபாரம் நிற்கும். அவருக்கு ஈடுகட்டப் போவது யார் என்ற பேச்சில்தான் அந்தக் குடியிருப்புகளின் கூட்டங்கள் முட்டி நிற்கின்றன.